அடுப்பங்கரையில் உட்கார்ந்தவர்கள்

கக்கூஸ் கட்டக் கொத்தனார் வந்து இறங்கிய அன்றுதான் ஷோபனாவுக்கு முதன்முதலாக வயிறு எரிந்தது.

அது அவள் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த கக்கூஸ். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அவள் புருஷன் குமரேசனுக்கு ஒரு புளி ஷெட் இருந்தது. தை பிறந்ததும் போளூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பம் மேலே ஏறிவிடும். மலை ஊர்களில் வாங்கிய புளியை ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்து, மூட்டை கட்டிக் கீழே அனுப்பி முடிக்கிறவரை ஷெட்டுக்குப் பின்னாலிருந்த இரண்டு அறையும் ஓர் அடுப்பங்கரையும்தான் வீடு. வேலைக்கு வருகிறவர்கள் எல்லாம் சுற்றுப்பட்ட மலை ஊர்களின் பெண்கள். “இத்தினி பொம்பளைங்க வேலை செய்றாங்க, ஒதுங்க ஒரு மறைவு கட்டிக் குடுங்க” என்று ஷோபனா சீசனுக்குச் சீசன் கேட்பாள். “சுத்தி இவ்ளோ காடு கீது, அவங்களுக்கு மறைவு இல்லியா?” என்று குமரேசன் சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

இளவரசி ஒரு தடவை கேட்டாள், கொத்தனார் வந்துவிட்டார்.

இளவரசி அவளுடைய ஓரகத்தி. குமரேசனின் தம்பி வெற்றிச்செல்வனின் பெண்டாட்டி. ஆம்பூர்ப் பக்கம் ஒரு செருப்புக் கம்பெனியில் தொழிலாளர் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவள். கொரோனா இரண்டாவது தடவையாக ஊரை வளைத்துக்கொண்ட அந்தச் சித்திரையில் கம்பெனியை மூடிவிட்டார்கள். வெற்றிச்செல்வன் கண்ணமங்கலத்துப் புளிக் குடோனோடு கிடக்க, அவள் மட்டும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு வந்து சேர்ந்தாள். வந்த மறுநாளே ஷெட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்த குமரேசனிடம் பேச்சை எடுத்தாள்.

“மாமா, ஷெட்ட நடத்தலாம்னு அரசாங்கம் சொல்லிக்கீது. ஆனா சும்மா இல்ல. வேலைக்கு வர்றவங்க ஒடம்புக்கு வேலை குடுக்கிறவங்கதான் பொறுப்பு. கை கழுவ கொழா, சோப்பு, கக்கூஸ் எல்லாம் வேணும். தள்ளித் தள்ளி குந்த வெக்கணும். மாஸ்க் நாமதான் குடுக்கணும். காய்ச்சல், இருமல்னா வூட்டுக்கு அனுப்பணும், கூலிய புடிக்கக் கூடாது. செக்கிங் வந்து இதெல்லாம் இல்லன்னா சீல் வெச்சிட்டுப் போய்டுவாங்க.”

ரசக் கரண்டியோடு நின்ற ஷோபனா, புருஷன் எப்போது சிரிப்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். குமரேசன் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, “நீயே பாத்துக்கம்மா. இன்னா வேணுமோ சொல்லு, செஞ்சிடலாம்” என்றான்.

செஞ்சிடலாம்! தாலி கட்டி வந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. கரண்டியிலிருந்த ரசம் இலையைத் தாண்டித் தரையில் கொட்டியது. “பாத்து ஊத்து” என்றான் அவளிடம்.

அதற்கப்புறம் ஷெட்டே மாறிப்போனது. வாசலில் குழாய் வந்தது. பெண்கள் வரிசையாக நின்று சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள். நெற்றிக்கு நேரே ஒரு கருவியைக் காட்டி இளவரசி காய்ச்சல் பார்த்தாள். முழங்கால் இடிக்க உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே கொட்டை எடுத்தவர்கள், ஆளுக்கொரு பலகையில் எட்ட எட்ட உட்கார்ந்தார்கள். வியாபாரி போன் செய்து ஏதாவது கேட்டால்கூட, “இரு, இளவரசிய கேட்டுச் சொல்றேன்” என்றான் குமரேசன். புதுக் குழாய் ஒருநாள் திருகு கழன்று வாசலெல்லாம் சேறானபோது ஷோபனா அடுப்பங்கரைக்குள் போய் நின்று சிரித்துக்கொண்டாள். அன்று முழுக்க அவளுக்கு மனசு லேசாக இருந்தது.

ஆனால் மங்கம்மாள் விஷயத்தை அவளால் சிரித்துத் தள்ள முடியவில்லை. மங்கம்மாள் ஷெட் தொடங்கிய நாளிலிருந்து வருகிறவள். ஷோபனாவைவிட வயதில் மூத்தவள். மாமியாரோடு சண்டை, பிள்ளை பத்தாவதில் தோற்றது, குமரேசன் முகம் கொடுத்துப் பேசாதது என்று ஷோபனா யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவளிடம்தான் சொல்லியிருக்கிறாள். அந்த மங்கம்மாள் ஒருநாள் காலையில் இளவரசியின் முன்னால் குழந்தை மாதிரி முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றாள். இளவரசி அவளுக்கு மாஸ்க் நாடாவைக் காதில் மாட்டிவிட்டாள். “மூக்கு தெரியக் கூடாது பெரிம்மா” என்றாள். மங்கம்மாள் கலகலவென்று சிரித்து, “நீ வந்ததாலதான் எங்களுக்கு கக்கூஸே வந்துச்சி தாயி” என்றாள்.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்ற ஷோபனா ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினாள். புருஷனிடம் எத்தனை தடவை கேட்டுப் பார்த்தோம் என்பது அந்தப் பொம்பளைக்குத் தெரியாதா? அவளிடமே சொல்லி அழுததுதானே?

மத்தியானச் சாப்பாடும் ஷோபனாவின் கையைவிட்டுப் போயிருந்தது. முன்பெல்லாம் அவள் ஒரு பெரிய குண்டானில் குழம்பு வைப்பாள். பெண்கள் கொண்டுவந்த களியையும் சாமைச் சோற்றையும் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இளவரசி அதை நிறுத்திவிட்டாள். “சாப்டறப்போதான் மாஸ்க்க கழட்டுவாங்க, அப்போதான் ஒட்டும்” என்றாள். ஷெட்டுக்குள் சாப்பிடக் கூடாது, கூட்டமாக உட்காரக் கூடாது. எங்கே உட்கார்வது என்று அவள் சொல்லவில்லை. பெண்கள் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு பலா மரத்தடி, மூட்டை மறைவு, லாரி நிழல் என்று ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கினார்கள்.

ஒருநாள் மத்தியானம் கோடை மழை பிடித்துக்கொண்டது. தூக்குப்போசியை முந்தானையால் மூடிக்கொண்டு ஷெட்டின் இறவாரத்தில் நனைந்துகொண்டு நின்றவர்களை ஷோபனா பார்த்தாள். இளவரசி ஷெட்டின் முன்பக்கம் தனக்கு ஒதுக்கியிருந்த அறைக்குச் சாப்பிடப் போயிருந்தாள்.

“ஏன் நனையறீங்க? உள்ள வாங்க” என்று அடுப்பங்கரையின் பின்கதவைத் திறந்தாள்.

மங்கம்மாள் தயங்கினாள். “சின்னம்மா ஒண்ணா குந்த வேணாம்னு சொல்லிக்கீதே?”

“இந்த வூட்டுக்கு மூத்தவ நானா, அவளா? என் அடுப்பங்கரையில யார் குந்தணும்னு நான் சொல்றேன். வா.”

வந்தார்கள். மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, சின்ன இடத்தில் தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்து, சுடச்சுடக் கொள்ளு ரசத்தை ஊற்றிக்கொண்டார்கள். பழையபடி சிரிப்பும் கேலியுமாக அடுப்பங்கரை நிறைந்தது. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்கு வரும் நதியா, “உங்க ரசத்துக்காவே வரலாம்மா” என்றாள். ஷோபனாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மழை நின்ற பிறகும் அந்தப் பின்கதவு சாத்தப்படவில்லை. தினமும் இளவரசி சாப்பிடப் போனதும் பெண்கள் சத்தமில்லாமல் பின்பக்கமாக வந்தார்கள். அவளுக்குத் தெரியாமல் நடக்கிறது என்பதே ஷோபனாவுக்குக் குழம்பில் போட்ட உப்பாக ருசித்தது.

சில நாட்கள் கழித்து மங்கம்மாள் அடுப்பங்கரையில் இருமினாள். மறுநாள் காலையில் வாசலுக்குப் போகுமுன் பின்பக்கம் வந்து, “ஒடம்பெல்லாம் அடிச்சிப் போட்ட மாதிரி கீதும்மா. சின்னம்மாகிட்ட சொல்லிட்டு வூட்டுக்குப் போய்டட்டா? கூலி புடிக்க மாட்டாங்களாமே” என்று கேட்டாள்.

சின்னம்மாகிட்ட. அந்த ஒரு வார்த்தைதான் ஷோபனாவின் காதில் விழுந்தது.

“எதுக்கு அவகிட்ட? காட்டு மழையில நனைஞ்ச, அதான். அவ கொரோனா அது இதுன்னு ஊரைக் கூட்டுவா” என்றாள். அலமாரியிலிருந்து காய்ச்சல் மாத்திரையை எடுத்து, தண்ணீரோடு கையில் கொடுத்தாள். சுக்குக் கஷாயம் வைத்துத் தந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மங்கம்மாளுக்கு ஒன்று என்றால் பார்த்துக்கொள்ளத் தான் இருக்கிறோம் என்று அவளுக்கு நிறைவாக இருந்தது. அரை மணி கழித்து இளவரசி காட்டிய கருவியில் காய்ச்சல் தெரியவில்லை. அன்றும், அதற்கடுத்த நாட்களிலும் மாத்திரை அடுப்பங்கரையிலிருந்துதான் போனது.

கடைசியில் ஒரு காலை, பலகையில் உட்கார்ந்திருந்த மங்கம்மாள் கையிலிருந்த புளியோடு அப்படியே சரிந்தாள். மூச்சு இழுத்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. ஷோபனா ஓடி வருவதற்குள் இளவரசி அவள் விரலில் எதையோ மாட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, ஆம்புலன்சுக்கு நிக்கக் கூடாது, ஜீப்ப எடுங்க” என்று கத்தினாள். மங்கம்மாளின் புருஷன் சின்னராசு மூட்டை தூக்குகிற இடத்திலிருந்து வந்து அவளை அள்ளிக்கொண்டான்.

“நானும் வர்றேன்” என்று ஷோபனா ஜீப்பைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க இருங்கக்கா. இங்க விசாரிக்க வருவாங்க, ஆள் வேணும்” என்று சொல்லி இளவரசி ஏறிக்கொண்டாள். மங்கம்மாளின் தலை அவள் மடியில் இருந்தது. அந்த நேரத்திலும், அந்தத் தலை அவள் மடியில் இருக்கிறதே என்றுதான் ஷோபனாவுக்குத் தோன்றியது. தோன்றியதை நினைத்து அவளுக்கே உடம்பு கூசியது.

ஜமுனாமரத்தூரில் பார்த்துவிட்டுத் திருவண்ணாமலை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். கொரோனாதான் என்று மறுநாள் தெரிந்தது. சுகாதார ஆய்வாளர் ஒருவர் வண்டியில் வந்து ஷெட் வாசலில் நின்றார். பெண்கள் தள்ளித் தள்ளி நின்றார்கள். அந்த அம்மாவோடு யார் யார் நெருங்கி இருந்தது என்று கேட்டார்.

குமரேசன் முன்னால் வந்தான். “எங்க ஷெட்டுல எல்லாம் ரூல்படிதாங்க. பாருங்க, பலகைக்குப் பலகை எவ்ளோ எட்டம்! என் தம்பி சம்சாரம் அப்படி வெச்சிக்கீது. மாஸ்க் இல்லாம ஒருத்தர் உள்ள வர முடியாது.”

ஆய்வாளர் சுற்றிப் பார்த்துத் தலையாட்டினார். “நல்லா வெச்சிருக்கீங்க. பக்கத்துப் பலகை ரெண்டு பேருக்கு மட்டும் டெஸ்ட் எடுத்துக்கலாம். வேற எங்கயாவது ஒண்ணா உக்காந்தாங்களா?”

பெண்கள் எல்லோரும் ஷோபனாவைப் பார்த்தார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அவள் சோற்றுக்கு அவர்கள் காட்டிய விசுவாசம் அது. சொன்னால் என்ன ஆகும் என்று ஷோபனாவுக்குத் தெரியும். குமரேசன் இத்தனை பேர் முன்னால் அவளைப் பார்க்கும் பார்வை தெரியும். இளவரசி சொன்னது சரி, இவள் செய்தது தப்பு என்று மலை முழுக்கப் பேச்சாகும். அவள் இன்னும் ஒரு படி மேலே ஏறி நிற்பாள், இவள் கீழே.

“இல்லீங்க” என்றாள் ஷோபனா.

ஆய்வாளர் வண்டியேறப் போனார். ஷோபனா அடுப்பங்கரைக்குள் நுழைந்தாள். பின்னாலேயே நதியா வந்து, உள்ளே வராமல் கதவுக்கு வெளியே நின்றாள்.

“அம்மா, ஒண்ணு கேக்கட்டா? அவரு சொன்ன ரெண்டு பேர்ல நான் இல்ல. ஆனா நானும் இங்க மங்கம்மாக்கா பக்கத்துலதான சாப்ட்டேன். இப்ப வூட்டுக்குப் போய் கொழந்தைக்கிப் பால் குடுக்கலாமா? குடுத்தா ஒண்ணும் ஆவாதில்ல?”

நதியா குற்றம் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள். ரவிக்கை முன்பக்கம் பால் கசிந்து நனைந்திருந்தது. குடுக்கலாம் என்று சொல்லவும் ஷோபனாவுக்குத் தெரியவில்லை, குடுக்காதே என்று சொல்லவும் தெரியவில்லை. அதைச் சொல்லத் தெரிந்த மனுஷர் வாசலில் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

ஷோபனா ஓடினாள். செருப்பில்லாமல், முந்தானை புளி நாரில் இழுபட, வளைவில் திரும்பப் போன வண்டியைக் கூப்பாடு போட்டு நிறுத்தினாள். “சார், நான் பொய் சொல்லிட்டேன். எல்லாரும் என் அடுப்பங்கரையில ஒண்ணா குந்தி சாப்ட்டாங்க. நான்தான் கூப்ட்டேன். மங்கம்மாவுக்குக் காய்ச்சல்னு எனக்குத் தெரியும். மாத்திரை குடுத்தேன். அதான் வாசல்ல தெரியல.” பின்னாலேயே வந்துவிட்ட குமரேசனின் காதிலும் அது விழுந்தது. அவள் பயந்த அதே பார்வையைப் பார்த்தான். ஷெட்டுக்குத் திரும்பி வந்த ஆய்வாளர் நதியாவிடம், மாஸ்க் போட்டுக்கொண்டு கையைக் கழுவிவிட்டுப் பால் கொடுக்கலாம், நிறுத்த வேண்டாம் என்று சொன்னார். ஷோபனாவுக்கு உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது.

ஷெட்டை மூடினார்கள். சோதித்ததில் பாதிப் பேருக்கு இருந்தது, நதியாவுக்கும், ஷோபனாவுக்கும். நல்லவேளையாக யாருக்கும் முற்றவில்லை. நதியாவின் குழந்தைக்கு ஒட்டவில்லை. ஷோபனாவைப் பின்னறையில் தனியாக வைத்தார்கள். திருவண்ணாமலையிலிருந்து திரும்பிய இளவரசி ஷெட்டின் ஓரத்தில் தனியாகத் தங்கிக்கொண்டு, வீட்டுக்கு அனுப்பிய பெண்களுக்கு அரிசி, மருந்து போகிறதா என்று பார்த்தாள். மேலதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். ஜன்னல் வழியாக ஷோபனாவுக்கு எல்லாம் கேட்டது.

“எங்க அக்காமேல மட்டும் போடாதீங்க சார்” என்றாள் இளவரசி. “சாப்பிட காத்தோட்டமா ஒரு எடம் குடுக்க வேண்டியதும் எங்க கடமை. அத்த நான் செய்யல. இங்க குந்தாதன்னு சொன்னேன், எங்க குந்தணும்னு சொல்லல. மழையில நிக்கிறவங்கள ஒருத்தர் உள்ள கூப்ட்டா, எடம் குடுக்காத எங்கமேலயும் தப்புதான்.”

அதிகாரி எச்சரித்தார். சாப்பிடத் தனிக் கொட்டகை போடவும், எல்லோருக்கும் முழுக் கூலி கொடுக்கவும், மங்கம்மாளின் செலவை ஏற்கவும் சொல்லிவிட்டுப் போனார். குமரேசன் மறு பேச்சில்லாமல் ஒத்துக்கொண்டான். ஷோபனா பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நன்றியாக இருந்திருக்க வேண்டும். அதுவும் இருந்தது. ஆனால் தப்பை ஒத்துக்கொள்வதில்கூட அவள் எவ்வளவு அழகாக ஒத்துக்கொள்கிறாள்! நாம் நடுரோட்டில் செருப்பில்லாமல் கத்தினோம். அவள் தலை நிமிர்ந்து நின்று சொல்கிறாள்.

சாயங்காலம் இளவரசி ஜன்னலுக்கு எட்ட வந்து நின்றாள்.

“அந்தம்மா செத்திருக்கும்க்கா. அது தெரியுமா உங்களுக்கு?” கோபம் அப்போதுதான் வெளியே வந்தது. “இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா அவ்ளோதான்னு டாக்டர் சொன்னாரு. ஜீப்புல என் கையப் புடிச்சிக்கினு உங்க பேரத்தான் சொல்லிச்சி, ‘அது நல்லதுக்குத்தான் குடுத்துச்சி’ன்னு. அப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சி. அங்க டாக்டர்கிட்ட சொன்னேன். இங்க சொல்ல வேண்டியது நீங்கதான்னு விட்டுட்டேன். அப்படி எம்மேல இன்னாக்கா கோவம்?”

ஷோபனா பாயில் எழுந்து உட்கார்ந்தாள். பிறகு, “கக்கூஸு” என்றாள்.

“இன்னா?”

“எத்தினி வருஷமா நான் கேட்டேன் தெரியுமா? காதுல வாங்கல. நீ ஒரு வார்த்தை சொன்ன, செஞ்சிடலாம்னாரு.”

இளவரசிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். “அக்கா, மாமா பயந்தது எனக்கா? சீலுக்குப் பயந்தாரு. நான் சொன்னா நடக்கும்னா, உங்க கொழுந்தனார் இன்னும் ஏன் குடிச்சிக்கினு கீறாரு? எதுக்கு நான் ஒரு பையோட இங்க வந்து கீறேன்னு நெனச்சீங்க?”

கம்பெனி மூடியதால் வந்தாள் என்றுதான் ஷோபனா நினைத்திருந்தாள். “சாப்ட்டியா?” என்று கேட்டாள். “இன்னும் இல்ல” என்று சொல்லிவிட்டு இளவரசி போய்விட்டாள்.

ஆடி பிறந்து கம்பெனி திறந்ததும் அவள் ஆம்பூருக்குத் திரும்பினாள். மங்கம்மாள் பிழைத்து ஊர் வந்து சேர்ந்தாள்; ஆனால் பழையபடி பலகையில் உட்கார அந்த வருஷம் அவளால் முடியவில்லை. ஷோபனா ஒருநாள் ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு அவள் ஊருக்கு நடந்து போனாள். இத்தனை காலத்தில் அந்த வீட்டு வாசலை அவள் மிதித்தது அதுதான் முதல் தடவை.

மங்கம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். ஷோபனா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது கையமர்த்தினாள்.

“வுடும்மா. முழுங்கனது நான்தான? உம்மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா ஒண்ணு. இனிமே ஒடம்புக்கு ஒண்ணுன்னா உங்கிட்ட வர மாட்டேன். மத்ததெல்லாம் பேசலாம்.”

ஷோபனா தலையை ஆட்டினாள். அது அடிதான், வாங்கிக்கொண்டாள்.

அப்போது கட்டிலில் கிடந்த போன் அடித்தது. “தெனமும் இந்நேரத்துக்கு வந்துடும்” என்று எடுத்த மங்கம்மாளின் முகம் மலர்ந்துபோனது. “சொல்லு தாயி! ஆங், மாத்திரை போட்டுக்கினேன். மூச்சு பரவால்ல. மாடி வூட்டுல தனியா கீறியா இன்னும்? அவரு வந்து பாத்தாரா?” என்று பேசிக்கொண்டே போனாள். இளவரசி தனியாக மாடி வீடு எடுத்ததெல்லாம் ஷோபனாவுக்குத் தெரியாது. வீட்டு மூத்த மருமகளுக்குத் தெரியாதது மலையில் இருக்கிற மங்கம்மாளுக்குத் தெரிந்திருந்தது.

“இங்கதான் கீது, பேசறியா?” என்று மங்கம்மாள் போனை நீட்டினாள்.

“அக்கா, எப்படிக் கீறீங்க?” என்றது இளவரசியின் குரல்.

ஷோபனாவுக்குச் சொல்ல வேண்டியது எத்தனையோ இருந்தது. வாயில் வந்தது வேறு.

“அவளுக்கு மட்டும் தெனமும் போன் பண்ற. எனக்கு ஏண்டி பண்ணல?”